ஆழத்தில் ஒரு திரை: கேளுங்கள், சொல்கிறேன்

கடலுக்கடியில் படம்பிடிக்கும் கேமராவின் முதுகிலேயே ஒரு திரை இருக்கிறது. மானிட்டர் என்று இன்னொன்றை எதற்குச் சுமக்க வேண்டும்?
*— அந்தமான் வாசகர்*

உங்கள் வயிறு மணலில் படாமல் இருப்பதற்காக. இந்தோனேசியாவின் லெம்பே நீரிணையில், கரிய எரிமலை மணலில் விரலளவுத் தவளைமீனைத் தேடிப் படம்பிடிக்கிறார்கள். அந்த உயிர் தரையோடு தரையாக ஒட்டிக்கிடக்கும். கேமராவையும் அங்கேதான் இறக்கியாக வேண்டும். முதுகுத் திரையைப் பார்க்கத் தலையைத் தாழ்த்தினால் உடம்பு தரையில் படும், ஃபின் மணலைக் கிளப்பும், பின்னால் இருக்கும் பவளத்தை உடைக்கும். மானிட்டரை, கேமராவை மூடும் நீர்புகாப் பெட்டியான ஹவுசிங்கின் மேல் சற்றுச் சாய்த்து மாட்டினால் கேமரா மட்டும் கீழே போகும், நீங்கள் மிதந்தபடியே பார்க்கலாம். எனக்கு இந்த ஒரு காரணமே போதும்.

வைட் ஆங்கிளில் புகைப்படம் மட்டும் எடுப்பவருக்கு மானிட்டர் தேவையில்லை. அந்தப் பணத்தை நல்ல விளக்குக்குச் செலவிடுங்கள்.

5 அங்குலமா, 7 அங்குலமா?
*— புதுச்சேரி வாசகர்*

தனியாக இறங்கிப் படம்பிடிப்பவர் என்றால் 5. திரையின் பரப்பு ஏறக்குறைய இரண்டு மடங்காகும்போது பெட்டியும் பெரிதாகும், நீரோட்டத்தில் இழுபடும், கைமணிக்கட்டு வலிக்கும். உதவிக்கு ஆள் இருந்து, சினிமா கேமராவோடு இறங்குகிறீர்கள் என்றால் 7 வாங்கலாம்.

கடையில் முதலில் கேட்க வேண்டியது அங்குலக் கணக்கை அல்ல. இந்த மானிட்டருக்கென்றே செய்த ஹவுசிங் கிடைக்கிறதா, அது எத்தனை மீட்டர் தாங்கும், இவற்றைக் கேளுங்கள். மானிட்டரை வாங்கிவிட்டு அதற்குப் பெட்டி தேடி அலைபவர்களைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். தேடல் தலைகீழாக நடக்க வேண்டும்: முதலில் ஹவுசிங், பிறகு அதற்குள் உட்காரும் மானிட்டர்.

நண்பர் ஒருவர் அக்ரிலிக் தகட்டில் பெட்டி செய்து தருவதாகச் சொல்கிறார். 30 மீட்டர் போகலாமா?
*— தூத்துக்குடி வாசகர்*

வேண்டாம். கணக்கைப் பாருங்கள். கடலில் 10 மீட்டர் இறங்கினால் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் மீதும் சுமார் 1 கிலோ எடை கூடும். 5 அங்குலத் திரையின் பரப்பு கிட்டத்தட்ட 69 சதுர சென்டிமீட்டர். 30 மீட்டரில் அதை மூடும் தகட்டின் மேல் மட்டும் 200 கிலோவுக்கு மேல் அழுத்தம் விழும். 7 அங்குலம் என்றால் 400 கிலோவைத் தாண்டும். தகடு உடையாவிட்டாலும் வளையும். வளைந்தால் ஓ-ரிங் உட்காரும் இடத்தில் மயிரிழை இடைவெளி விழும், உப்புநீருக்கு அது தாராளம். நண்பரின் கைத்திறனை நீச்சல்குளத்தில் சோதித்துப் பாருங்கள், கடலில் வேண்டாம்.

வைஃபையில் கேமராவையும் மானிட்டரையும் இணைத்தால் கேபிள் தொல்லை இருக்காதே?
*— சென்னை வாசகர்*

கடல்நீர் ரேடியோ அலையை விழுங்கிவிடும். கேபிள்தான் வழி.

அந்தக் கேபிளில் எதைக் கவனிக்க வேண்டும்?
*— திருகோணமலை வாசகர்*

முனையை. கேனான் ஆர்5-இல் இருப்பது மைக்ரோ எச்டிஎம்ஐ. சோனி ஏ7எஸ் 3-லும் நிக்கான் இசட்8-லும் முழு அளவு எச்டிஎம்ஐ. மைக்ரோ முனை லேசான இழுப்புக்கே தளர்ந்துவிடும், நடுக்கடலில் திரை இருண்டுவிடும். ஹவுசிங்குக்கு உள்ளே கேபிள் விறைப்பாக வளையாமல், இழுபடாமல் படிந்திருக்கிறதா என்று மூடும் முன் ஒவ்வொரு முறையும் பாருங்கள். சினிமா கேமராக்களில் எஸ்டிஐ இருக்கும். அதன் முனை திருகிப் பூட்டிக்கொள்வதால் தானாகக் கழலாது.

வெளியே போகும் கேபிளைக் கரையிலேயே மாட்டி இறுக்கிவிடுங்கள். தண்ணீருக்குள் அதைக் கழற்றக் கூடாது.

மானிட்டரிலேயே பதிவும் செய்யும் ரெக்கார்டர் வாங்கலாமா?
*— சிங்கப்பூர் வாசகர்*

அட்டமாஸ் நிறுவனத்தின் நிஞ்சா 5 ரெக்கார்டர் வந்த 2018-இல் அதற்கு வலுவான காரணம் இருந்தது. பல கேமராக்கள் அப்போது உள்ளுக்குள் 10-பிட் பதிவு செய்யவில்லை. இன்று ஏ7எஸ் 3 போன்றவை தாமே 4:2:2 10-பிட்டில் பதிகின்றன. ரா வீடியோ தேவைப்படுபவர் ரெக்கார்டர் வாங்கட்டும். மற்றவர்களுக்கு, பார்க்க மட்டும் உதவும் ஷினோபி போன்ற மானிட்டரே நல்லது. சூடு குறைவு, பேட்டரி நீடிக்கும். எல்லாவற்றையும் விட, கேபிள் கோளாறானாலும் படம் கேமராவில் பத்திரமாக இருக்கும்.

வயது 48. வெள்ளெழுத்து. தண்ணீருக்குள் எல்லாம் பெரிதாகத் தெரியும் என்பதால் திரை எளிதாகப் படிக்க வருமா?
*— கோவை வாசகர்*

பெரிதாகத் தெரியும், ஆனால் கிட்டேயும் வந்துவிடும். சிக்கல் அங்கேதான். தட்டையான மாஸ்க் வழியாக, 40 சென்டிமீட்டரில் இருக்கும் திரை 30 சென்டிமீட்டரில் இருப்பதுபோல் கண்ணுக்குப் படும். கண்ணும் அந்த 30-க்குத்தான் குவிய வேண்டும். வெள்ளெழுத்துக்காரருக்கு அது முடியாது. மானிட்டரைக் கை நீளும் தூரத்துக்குத் தள்ளி வையுங்கள், மாஸ்க்கின் கீழ்ப்பகுதியில் படிக்கும் லென்ஸ் ஒட்டிக்கொள்ளுங்கள். ஒட்டும் லென்ஸின் விலை பெரிய திரையின் விலையில் சிறு துளி. முதலில் அதைச் செய்து பார்த்துவிட்டு 7 அங்குலத்தைப் பற்றி யோசிக்கலாம்.

எத்தனை நிட்ஸ் வெளிச்சம் வேண்டும்?
*— நாகர்கோவில் வாசகர்*

1000 போதும். வெயில் ஊடுருவும் 3, 4 மீட்டரில் அது தேவைப்படும். அப்போதும் திரையைச் சுற்றி ஒரு கறுப்பு மறைப்பு மாட்டிக்கொள்ளுங்கள், பிரதிபலிப்பு அடங்கும்.

பலரும் சறுக்குவது ஆழத்தில். 20 மீட்டரில் சுற்றிலும் இருள் கூடியிருக்க, முழு வெளிச்சத்தில் எரியும் திரை எல்லாவற்றையும் பளிச்சென்று காட்டும். சரியாகத்தான் இருக்கிறது என்று நம்பி எடுத்துக்கொண்டு வந்தால், வீட்டில் படம் இருண்டு கிடக்கும். ஆழம் போகப் போகத் திரை வெளிச்சத்தைக் குறையுங்கள். எக்ஸ்போஷரைக் கண்ணால் மதிப்பிடாமல் மானிட்டரின் வேவ்ஃபார்ம், ஃபால்ஸ் கலர் என்ற வெளிச்ச அளவீடுகளில் ஒன்றைப் பார்த்து முடிவெடுங்கள். நிறமும் அப்படியே: முதல் 10 மீட்டருக்குள் சிவப்பு பெரும்பாலும் போய்விடும். இறங்கிய ஆழத்திலேயே ஒயிட் பேலன்ஸ் எடுத்த பிறகுதான் திரையில் தெரியும் நிறத்தை நம்பலாம்.

எங்கே, எப்படி மாட்டுவது? மாட்டியதும் கேமரா பின்பக்கமாகச் சாய்கிறது.
*— மதுரை வாசகர்*

மாட்டும் முறை எளிது: ஹவுசிங்கின் தலையில் 1 அங்குலப் பால் மவுண்ட், அதில் ஒரு க்ளாம்ப், மறுமுனையில் மானிட்டர். கைப்பிடியின் பக்கவாட்டில் மாட்டுபவர்களும் உண்டு. ரிக், அதாவது மொத்தக் கருவித் தொகுதியும், ஒரு பக்கம் இழுக்கும் என்பதால் நான் அதைப் பரிந்துரைப்பதில்லை.

சாய்வுக்குக் காரணம் எடைக்கணக்கு. உதாரணத்துக்கு உங்கள் மானிட்டர் பெட்டி 1.7 லிட்டர் இடம் அடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கடலில் அது சுமார் 1.74 கிலோ நீரை விலக்கும். பேட்டரியோடு பெட்டியின் எடை 1.95 கிலோ என்றால் 210 கிராம் மூழ்கும் எடை மிச்சம். அது ரிக்கின் உச்சியில் உட்கார்ந்திருப்பதால் எப்போதும் கீழே வரப் பார்க்கும், மொத்த ரிக்கும் அதோடு புரளும். கனம் கீழே, மிதப்பு மேலே இருந்தால்தான் ரிக் நிற்கும். விளக்கு மாட்டும் ஆர்ம்களை ஃப்ளோட் ஆர்ம்களாக மாற்றி, மானிட்டரின் உயரத்துக்கு இருபுறமும் சமமாக வையுங்கள். மானிட்டரை ஹவுசிங்குக்கு எவ்வளவு நெருக்கமாக இறக்க முடியுமோ இறக்குங்கள்.

எடை பார்க்கப் பயணப்பெட்டியைத் தூக்கி நிறுக்கும் கைத்தராசு போதும். மூடிப் பூட்டிய ரிக்கை அதில் தொங்கவிட்டு நீச்சல்குளத்தில் முக்கினால் மூழ்கும் எடை தெரியும். கடலில் அதைவிடக் கொஞ்சம் இலேசாகும்: ஒவ்வொரு லிட்டருக்கும் ஏறத்தாழ 25 கிராம். 100, 200 கிராம் மூழ்கும் எடை மிஞ்சினால் நல்லது. கையை விட்டால் மேலே பறந்துபோகிற கேமராவை எனக்குப் பிடிக்காது.

படகில் கொடுக்கும்போது ஒன்று சொல்லிவிடுங்கள்: மானிட்டரைப் பிடித்துத் தூக்கக் கூடாது. இரண்டு கைப்பிடிகளுக்கும் இடையே ஒரு கயிறு கட்டிவிட்டால் ஊழியர்கள் அதையே பிடிப்பார்கள்.

தொடுதிரை வேலை செய்யுமா?
*— ஈரோடு வாசகர்*

செய்யாது. பீக்கிங் (ஃபோகஸ் விழுந்த விளிம்பைக் காட்டுவது), ஃபால்ஸ் கலர் இரண்டையாவது ஹவுசிங்கின் பித்தானில் இயக்க முடிகிறதா என்று வாங்கும் முன் பாருங்கள். முடியாவிட்டால் கரையிலேயே அமைத்துவிட்டு இறங்குங்கள்.

வேக்யூம் பம்ப் கேமராவுக்கு இருக்கிறது. மானிட்டருக்கும் வேண்டுமா?
*— கொழும்பு வாசகர்*

கட்டாயம். கதவு, ஓ-ரிங், கேபிள் நுழைவாய் என்று நீர் புகும் வழிகள் கூடிவிட்டன. இரண்டு பெட்டிகளையும் தனித்தனியே சோதியுங்கள். காற்றை உறிஞ்சி, கசிகிறதா என்று பார்க்க அரைமணி நேரம் நிழலில் வையுங்கள். வெயிலில் வைத்தால் உள்ளே காற்றழுத்தம் ஏறி வேக்யூம் அளவு மாறும், மானிட்டரும் சூடேறும். ஏசி அறையில் வைத்து மூடினால் உள்ளே ஈரக்காற்று குறைவு, கண்ணாடியில் பனி படியாது.

மட்டக்களப்புக்கு அருகே ஹெர்மஸ் கப்பலைப் படம்பிடிக்க ஆசை. என்ன மானிட்டர்?
*— யாழ்ப்பாணம் வாசகர்*

1942 ஏப்ரல் 9-இல் மூழ்கிய அந்த விமானந்தாங்கிக் கப்பல் 50 மீட்டருக்கும் கீழே கிடக்கிறது. பொழுதுபோக்கு டைவிங்கின் எல்லை 40 மீட்டர். அதற்குக் கீழே போக டெக்னிக்கல் பயிற்சி வேண்டும். உங்களுக்கு அது இருக்கிறது என்றே வைத்துக்கொள்கிறேன். அங்கே உங்கள் நேரம் நிமிடக் கணக்கில், காற்றையும் டீகம்ப்ரஷனையும் கணக்குப் பார்க்கும் நேரம் அது. புதிதாக வாங்கிய மானிட்டரை அந்த டைவில் முதன்முதலாக மாட்டாதீர்கள். பத்து மீட்டர் பாறையில் அதைப் பழகி, கண்ணை மூடிக்கொண்டு பித்தானைத் தொட வரும்போது எடுத்துப் போங்கள். 100 மீட்டருக்கு மதிப்பிட்ட அலுமினிய ஹவுசிங்காக இருக்கட்டும். டைவ் கம்ப்யூட்டரும் கேஜும் மறையாத இடத்தில் திரை இருக்கட்டும்.

விமானத்தில் எப்படிக் கொண்டுபோவது?
*— துபாய் வாசகர்*

உதிரி லித்தியம் பேட்டரிகள் கைப்பையில்தான் போக வேண்டும். 100 வாட்-மணிக்குள் இருந்தால் சிக்கல் இல்லை. மானிட்டரின் சாதாரண என்பி-எஃப் பேட்டரிகள் அந்த எல்லைக்குள் அடங்கிவிடும். ஹவுசிங்கை இறுக்கி மூடி அனுப்பாதீர்கள், மேலே அழுத்தம் குறையும்போது அடைபட்ட காற்று வெளியே தள்ளும். வேக்யூம் வால்வைத் திறந்தோ, ஓ-ரிங்கைக் கழற்றித் தனிப் பையில் போட்டோ அனுப்புங்கள். போய் இறங்கியதும் அந்தப் பை எந்தப் பெட்டியில் இருக்கிறது என்று நினைவிருக்கட்டும்.