ஷண்டிங் எஞ்சினுக்கு என்ன நிறம்?

மாடல் ரயில் செய்பவர்களிடம் அதை ரயில் பொம்மை என்று சொன்னால் கோபம் வரும். எனக்கும் வரும். வெளியில் மட்டும். வீட்டில், "அந்தப் பொம்மை காயட்டும், முதல்ல சாப்பிட வாங்க" என்றால் எழுந்து போய்விடுவேன்.

ஊர் முழுக்க வந்தே பாரத்தும் ராஜ்தானி எஞ்சினும் செய்துகொண்டிருக்க, நான் பிடித்தது டபிள்யூ.டி.எஸ்-6. பேர் தெரியாவிட்டாலும் ஆளைப் பார்த்திருப்பீர்கள். சென்னை சென்ட்ரலுக்கும் பேசின் பிரிட்ஜுக்கும் நடுவே காலிப் பெட்டிகளை இழுப்பதும் தள்ளுவதுமாக, ஒரு முனையில் கேபினும் மற்ற நீளமெல்லாம் மூக்குமாகத் திரியுமே, அதுதான். வாராணசியில் செய்த ஷண்டிங் எஞ்சின். உள்ளே ஆறு சிலிண்டர் ஆல்கோ டீசல், சுமார் 1400 குதிரைசக்தி. இவ்வளவு பலமும் யார்டு எல்லைக்குள்ளேயே தீர வேண்டும் என்று தலையில் எழுதியிருக்கிறது.

இதை யாரும் படம் எடுப்பதில்லை என்பதுதான் முதல் சிக்கல். வேறு எஞ்சினை எடுத்த படத்தில், கல்யாண ஆல்பத்தில் வந்துவிடும் சமையல்காரர் மாதிரி, ஓரத்தில் பாதி தெரியும். அந்தப் பாதியிலும் எனக்கு வேண்டிய கைப்பிடிக் கம்பியைத் தூண் மறைத்திருக்கும்.

நேரிலேயே பார்த்துவிடலாம் என்று பிளாட்பாரத்தில் குனிந்து சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு காவலர் வந்தார். "என்ன சார், போன் விழுந்துடுச்சா?"

"இல்லீங்க, அச்சு இடைவெளி பார்க்கிறேன்."

சொன்ன பிறகுதான் இது இன்னும் சந்தேகத்துக்குரிய பதில் என்று பட்டது. விளக்கினேன். இந்த எஞ்சினுக்கு முன்னும் பின்னும் மூன்று மூன்று அச்சுகள். ஆனால் மூன்றும் சம தூரத்தில் இருக்காது. மோட்டார்களைப் பொருத்தியிருக்கும் விதத்தால் ஒரு இடைவெளி கூட, ஒன்று குறைய. சமமாக வைத்துவிட்டால் மாடல் பார்க்க வேறு ஏதோ வண்டி ஆகிவிடும். அவரும் குனிந்தார். "அட, ஆமா சார்! இத்தனை வருஷமா இங்கதான் நிக்கிறேன்." பிறகு பயணிகள் எங்கள் இருவரையும் ஒரு மாதிரி பார்த்துக்கொண்டு போனார்கள்.

அச்சு அளவுக்காவது அடங்கும். நிறம் அடங்காது. டீசல் எஞ்சின்களுக்கு ஷெட்டுக்கு ஷெட் தனித்தனி நிறம் வைத்திருந்த நாடு இது. ஒரு ஷெட்டிலிருந்து இன்னொன்றுக்கு மாறினால் எஞ்சினும் சட்டையை மாற்றிக்கொள்ளும். ஒரே எஞ்சின் காலைப் படத்தில் ஒரு நீலம், மதியப் படத்தில் வேறு நீலம், மழைப் படத்தில் கறுப்பு. இந்த நோய் நமக்கு மட்டும் இல்லை. அமெரிக்காவில் பென்சில்வேனியா ரயில்ரோடு தன் எஞ்சின்களுக்கு அடித்த 'டார்க் கிரீன் லோகோமோட்டிவ் எனாமல்' என்ற பச்சை, கறுப்பிலிருந்து பிரித்துச் சொல்லவே முடியாத பச்சை. அந்த ரயில்ரோடே 1968-ல் போய்ச் சேர்ந்துவிட்டது. அதில் எத்தனை சொட்டு பச்சை என்ற சண்டை மட்டும் ஓயவில்லை. படித்தபோது எனக்கு மிகவும் ஆறுதலாக இருந்தது.

கடைசியில், ஒரு லோகோ ஷெட்டில் பெயிண்டராக இருந்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவரைப் பிடித்தேன். ஷேடு கார்டை விரித்து, "ஐயா, இதுல உங்க நீலம் எது?" என்றேன்.

கார்டை மேலும் கீழும் பார்த்தார். "எந்த மாசத்து நீலம்?"

"புரியலீங்க."

"அடிச்ச அன்னிக்கு ஒண்ணு. ஒரு வெயில் காலம் போனா ஒண்ணு. மூக்குல புகை படிஞ்ச பக்கம் ஒண்ணு, கேபின் பக்கம் ஒண்ணு. பஃபருக்குக் கீழ கலரே கிடையாது, கிரீஸுதான். நீங்க எதைக் கேக்குறீங்க?"

எல்லாவற்றையும் கேட்டேன். குறித்துக்கொண்டேன். இரவு பன்னிரண்டு மணிக்கு ஊசி நுனியில் பெயிண்ட் தொட்டு பஃபர் ஓரத்தில் கிரீஸ் வைத்தேன். மூக்கில் புகை ஏற்றினேன். கேபின் படியில், ஷூ தேய்த்துத் தேய்த்து இரும்பு தெரியும் இடத்தில் வெள்ளி தடவினேன். ஒரு சாண் நீளத்து எஞ்சினில் படி என்பது நகக்கண் அளவு. அதற்கே இரண்டு மூக்குக்கண்ணாடி.

முடித்ததும் பெரியவரை வீட்டுக்கு அழைத்தேன். மேசைமேல் தண்டவாளத்தில் நிறுத்திவைத்திருந்தேன். சுற்றி வந்து பார்த்தார். கை கட்டிக்கொண்டு காத்திருந்தேன்.

"கலர் எப்படிங்க?"

"கலர் கிடக்கட்டும். வண்டி ஏன் காலை ஒடுக்கிட்டு நிக்குது?"

எங்கள் கூட்டத்தில் யாரும் வாய்விட்டுப் பேசாத விஷயம் அது. கடையில் கிடைக்கும் ஹெச்.ஓ. மாடல் தண்டவாளம் 16.5 மில்லிமீட்டர் அகலம், 1,435 மில்லிமீட்டர் பாதைக்காக 87-ல் ஒரு பங்கு என்று வெளிநாட்டில் வகுத்தது. நம் அகலப்பாதை 1,676. அதே கணக்கில் 19-க்கு மேல் வர வேண்டும். சக்கரமும் பாதையும் சொந்தமாகச் செய்ய யாருக்குப் பொறுமை? அதனால் எஞ்சின் நம்முடையது, பாதை அவர்களுடையது. நீலத்துக்காக மாதக்கணக்கில் அலைகிறவர்கள் கிட்டத்தட்ட மூன்று மில்லிமீட்டரைப் பார்க்காததுபோல் இருந்துவிடுவோம்.

கணக்கை முழுவதும் கேட்டுவிட்டுப் பெரியவர் காபியைக் கையில் எடுத்தார்.

"பரவால்ல விடுங்க. யார்டுக்குள்ளதானே ஓடப்போகுது."