குறுக்குக் கணக்கு

720, 1080 என்று டிவிப் பெட்டிகளின் மேல் ஒட்டிய எண்கள் பல ஆண்டுகள் மேலிருந்து கீழாகக் கோடுகளை எண்ணின. அகலத்தை யாரும் விசாரிக்கவில்லை.

விசாரிக்காதது சிலருக்கு வசதியாயிற்று. 2005-இல் ஐரோப்பாவில் வந்த ‘எச்டி ரெடி’ முத்திரைக்கு அகலத்திரையில் 720 கோடுகள் இருந்தால் போதும். குறுக்கே எத்தனை புள்ளி என்று அது கேட்கவில்லை. 1024×768 புள்ளிகள் கொண்ட 42 அங்குல பிளாஸ்மா டிவிகள் கம்பீரமாக முத்திரை குத்திக்கொண்டன. புள்ளி சதுரமாக இருந்தால் குறுக்கே 1366 வேண்டும். புள்ளியையே அகலமாக்கிக் கணக்கை நேர்செய்தார்கள். (சோனியின் எச்டிகேம் வீடியோ நாடாவும் 1440 புள்ளிகளைப் பதிந்து 1920 ஆக விரித்துக் காட்டியதுதான்.)

பிறகு 4கே வந்தது. எண்ணும் திசையே திரும்பியது! கீழ்நோக்கி எண்ணினால் வெறும் 2160. குறுக்கே எண்ணினால் கிட்டத்தட்ட நான்காயிரம். எந்த வியாபாரி விடுவார்? அதுவும் வீட்டுத் திரையில் 3840தான். 4096 என்பது திரையரங்குக்கான அளவு. குறையும் புள்ளிகளைப் பெயர் ஈடுகட்டுகிறது.

அடுத்த முறை கடைக்குப் போனால், குறுக்கு எத்தனை, நெடுக்கு எத்தனை என்று இரண்டையும் கேளுங்கள்.