துரை, மேஸ்திரி, ஷாச்சோ

காப்பித் தோட்டத்து லைன் வீட்டில் வளர்ந்தவர்களுக்குத் 'தலைவர்' என்ற சொல் தேர்தல் சுவரொட்டியில்தான் முதலில் கண்ணில் படும். எங்கள் நாளில் ஏற்காட்டில் ஒவ்வோர் அதிகாரத்துக்கும் தனிப்பெயர் இருந்தது. தோட்டத்தை நிர்வகித்தவர் பெரிய துரை, அவருக்கு அடுத்தவர் சின்ன துரை. செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டை எழுதியவர் ரைட்டர். வேலையைப் பிரித்துக் கொடுத்து வெயிலில் கூடவே நின்றவர் மேஸ்திரி. முன்பணம் கொடுத்து ஆள் கூட்டி வந்த கங்காணியின் கதைகளைப் பாட்டிகள் சொல்வார்கள். சேர்வராயன் மலையின் மலையாளிப் பழங்குடி ஊர்களில் ஊர்க்கவுண்டர் இருந்தார், அவருக்கு மேல் பட்டக்காரர் இருந்தார்.

இந்தப் பெயர்கள் வெவ்வேறு வழியாக மலையேறியவை. 1820களில் சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் இங்கே காப்பியைக் கொண்டுவந்தார். வெள்ளைக்காரத் தோட்டக்காரர்களோடு 'துரை'யும் மலையில் வேரூன்றியது. மேஸ்திரி போர்ச்சுகீசியம் தந்த சொல். கங்காணி கண்காணிப்பவர். பட்டக்காரரோ காப்பிச் செடிக்கு வெகுகாலம் முந்தியவர்.

அப்பா ரைட்டர். பெரிய துரையின் ஜீப் சத்தம் வளைவில் கேட்டதும் மேஸ்திரி வெற்றிலையைத் துப்பிவிடுவார், பழம் பறிக்கும் பெண்களின் பேச்சு நின்றுவிடும். வெள்ளைக்காரர் போய் நம்மவர் நிர்வாகியாக வந்த பின்னும் அந்தச் சொல் போகவில்லை. அவருடைய மகனும் பள்ளிக்கூட வயதிலேயே துரைதான். மேஸ்திரியின் மகனை யாரும் மேஸ்திரி என்றதில்லை. வேலை கற்றால்தான் அந்தப் பெயர் கிடைக்கும். ஒரு பெயர் உழைப்பில் வந்தது, மற்றொன்று பிறப்பிலேயே ஒட்டியது. இந்த வித்தியாசம் சிறுவயதிலேயே என் மனத்தில் பதிந்துவிட்டது.

பிறகு சென்னைக்குப் போய், ஏ.பி.கே.-ஏ.ஓ.டி.எஸ். தோசோகாய் மையத்தில் ஜப்பானிய மொழி படித்தேன். ஒரகடம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் மொழிபெயர்ப்பாளர் வேலை கிடைத்தது. ஜப்பானிய மொழியில் நிறுவனத்தின் தலைவர் ஷாச்சோ, பெரிய பிரிவின் தலைவர் புச்சோ, அதற்குள் அடங்கிய சிறுபிரிவுக்குக் காச்சோ, தொழிலாளர் குழுவுக்கு ஹான்ச்சோ. தச்சர், கொத்தனார் போன்ற கைத்தொழிலில் சீடர்களை வளர்க்கும் ஆசான் ஒயாகதா. சுமோ மல்லர்களைப் பயிற்றுவிப்பவரும் ஒயாகதாவே. தெருச் சங்கத்தில் பத்திருபது வீடுகளுக்குப் பொறுப்பானவர் குமிச்சோ. அதே சொல் யகுசா கும்பலின் தலைவனையும் குறிக்கும் என்பதால் இடம் பார்த்துப் பேச வேண்டும். எல்லாவற்றுக்கும் பொதுவாக ஆங்கிலத்திலிருந்து போன 'ரீடா'வும் உண்டு. அது விளையாட்டுக் குழுவுக்கும் பயிற்சி வகுப்புக்கும் சரி, நிறுவனத் தலைவரை அப்படி அழைக்க முடியாது.

யார் கேட்கிறார்கள் என்பதும் சொல்லை மாற்றும். அலுவலகத்துக்குள் 'ஷாச்சோ' என்றாலே மரியாதை, பெயரே வேண்டாம். வெளியாரிடம் பேசும்போது தன் நிறுவனத் தலைவரின் பெயரோடு 'சான்' என்ற மரியாதை ஒட்டைச் சேர்க்கக் கூடாது. அவர் நம்மவர், விருந்தாளி முன் நம்மவரை உயர்த்திப் பேசுவது விருந்தாளியைத் தாழ்த்துவதாகும். 'அவர்கள்' சேர்க்காமல் தலைவர் பெயரை உச்சரிக்கவே கூசுகிற நமக்கு இந்த அடக்கம் புதிது. எனக்கு அது மிகவும் பிடித்துப்போனது.

சில ஆண்டுகளுக்கு முன், காப்பித் தோட்டம் பார்க்க வந்த ஜப்பானியர் சிலரோடு ஏற்காட்டுக்கு வந்தேன். நான் பிறந்த மலையின் தலைவர்களையெல்லாம் ஜப்பானிய மொழியில் சொல்ல வேண்டிய வேலை அது. மேஸ்திரிக்கு ஹான்ச்சோ பொருந்தியது. ஊராட்சி மன்றத் தலைவருக்கு சொன்ச்சோ. ஜப்பானில் கிராமத்தின் சொன்ச்சோவை மக்களே நேரடியாக வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள், இங்கும் அப்படித்தான். முதலமைச்சர் ஷூ-ஷுஷோ, அதாவது மாநிலத்தின் பிரதமர். ஆளுநருக்கு ச்சிஜி என்று சொல்லி நிறுத்தினால் குழப்பம். ஜப்பானில் ச்சிஜி மக்கள் தேர்ந்தெடுத்து நிர்வாகம் நடத்துபவர், இங்கே ஆளுநர் குடியரசுத் தலைவர் நியமிப்பவர். அந்த விளக்கத்தையும் சேர்த்தே சொன்னேன்.

மிகவும் யோசித்தது பட்டக்காரருக்குத்தான். பழங்குடித் தலைவர் என்பதற்கு அகராதியில் ஷூச்சோ இருக்கிறது. நாகரிகம் எட்டாதவர்களின் தலைவன் என்ற ஏளனம் அதில் ஏறியிருப்பதால் ஜப்பானிய ஊடகங்கள் இன்று அதைத் தவிர்க்கின்றன. காஞ்சிபுரத்திலிருந்து வந்ததாகத் தங்கள் வரலாற்றைச் சொல்லும் மக்களை, தமிழே தாய்மொழியான மக்களை, அந்தச் சொல்லால் சுட்ட எனக்கு மனம் வரவில்லை. ஊர்க்கவுண்டரை 'ஒசா' என்றேன். ஊருக்கு மூத்தவர், வழிநடத்துபவர் என்று பொருள்படும் பழைய சொல் அது. பட்டக்காரரைப் பட்டக்காரர் என்றே சொல்லி, பல ஊர்களுக்குப் பொதுவான ஒசா என்று விளக்கினேன். வந்தவர்கள் அந்தப் பெயரை அப்படியே எழுதிக்கொண்டார்கள்.

இன்று மலையில் எல்லாருமே 'சார்'. தோட்ட நிர்வாகி சார், விடுதி மேலாளர் சார், வங்கிக்காரர் சார். ஜப்பானிலும் பல நிறுவனங்கள் பதவிப் பெயரை விட்டு எல்லாரையும் 'சான்' என்றே அழைக்கச் சொல்கின்றன. துரை போனதில் எனக்கு முழு மகிழ்ச்சி. அந்தச் சொல்லுக்குள் இருந்த அச்சம் திரும்பி வர வேண்டாம். ஆனால் மேஸ்திரியும் அதோடு போய்விடக் கூடாது. நிழல் மரத்தை எந்த மாதம் கவாத்து செய்வது, எந்தச் செடியில் பழம் முதலில் சிவக்கும் என்று அறிந்தவரின் பெயர் அது. அதை 'சூப்பர்வைசர்' என்று மாற்றினால் சம்பளமும் உயராது, மதிப்பும் உயராது.

மொழிபெயர்ப்புக்கு வரும் இளைஞர்களிடம் மூன்று கேள்வி கேட்கச் சொல்கிறேன். இவரைத் தலைவராக்கியது யார்? இவர் எதை வழிநடத்துகிறார்? நாம் யாரிடம் இவரைப் பற்றிப் பேசுகிறோம்? இம்மூன்றுக்கும் பதில் தெரிந்தால் சரியான சொல் தானே வந்து நிற்கும். ஓர் எடுத்துக்காட்டு: 2016 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு தமிழக உள்ளாட்சியில் பாதி இடம் பெண்களுக்கு உரியது. பழம் பறித்த வீட்டுப் பெண் ஊராட்சித் தலைவராகும் காலம் இது. சொன்ச்சோ என்ற சொல்லில் ஆண் பெண் வேறுபாடு இல்லை. அவருக்கு அதைத் தயங்காமல் சொல்லலாம். வாக்குப் பெற்று வந்த பெயர், அவருக்கே உரியது.