இரண்டு சீ, ஒரு எஸ்

கம்பஸ் முடித்து, பையும் வாளியுமாக ஸ்பிரிங்வெளியில் பஸ்ஸை விட்டு இறங்கிய அன்றைக்கே எனக்கு முதல் நோயாளி கிடைத்துவிட்டார். மேல் லயத்து மாமா சாரத்தை முழங்கால் வரை தூக்கி, கணுக்காலில் இருந்த கொப்புளத்தைக் காட்டினார்.

"பாரு புள்ள, கொப்புளத்துக்குத்தானே நீ படிச்சே?"

அவர் சொன்னதில் பிழையில்லை. என் இறுதி வருட ஆய்வு கொப்புளத்தைப் பற்றியதுதான். ஆனால் அது தேயிலைக் கொழுந்தில் வருகிற கொப்புளம். 1946இல் இந்த நாட்டுத் தேயிலைக்கு வந்துசேர்ந்த பங்கசு நோய். மழையும் மூடுபனியும் என்றால் அதற்குத் திருவிழா, ஊவாவில் காற்றுக்காலம் வந்து மலை காய்ந்தால் அடங்கிவிடும். இதையெல்லாம் மாமாவுக்குப் பொறுமையாக விளக்கினேன். "அப்ப காத்துல காய விடணும்ங்கிற" என்று சொல்லிவிட்டுப் போனார். ஒரு கிழமையில் கொப்புளம் ஆறிவிட்டது. நான் டொக்டர் இல்லை என்று நிரூபிக்க எனக்கிருந்த கடைசிச் சந்தர்ப்பமும் அதோடு போயிற்று.

எங்கள் லயத்துக் கணக்குப்படி பீ.எஸ்.சி. என்பது டொக்டருக்கு ஒரு படி கீழே. சின்னத்துரை பெரியதுரை ஆகிற மாதிரி, கொஞ்ச நாள் பொறுத்தால் பிள்ளை தானாக மேலே போய்விடும். அம்மா மலைக்குப் போகும்போதெல்லாம் கூட வருகிற பெண்கள் கேட்பார்களாம்: "எப்ப மேல ஏத்துவாங்க?" அம்மா ஒருநாள் கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு என்னிடமே கேட்டார்: "இன்னும் என்னா படிக்கணும்னு சொல்லு. படிச்சிரு."

அப்படித்தான் நான் பட்டம் வாங்கிய பிறகு மருத்துவப் பீடத்துக்குத் தயாராகத் தொடங்கினேன்.

பழைய கதையையும் கொஞ்சம் சொல்ல வேண்டும். இந்த நாட்டில் டொக்டர் ஆகிற வாசல் ஒன்றுதான். ஏ.எல்.லில் உயிரியல், பௌதிகவியல், இரசாயனவியல். மூன்று தடவை எழுதலாம், அதற்குமேல் எழுதினால் பல்கலைக்கழக அனுமதிக்குக் கணக்கில் வராது. நான் மூன்று தடவையும் எழுதினேன். பௌதிகவியலுக்கு எங்களுக்கு இரண்டு வருஷத்தில் மூன்று ஆசிரியர்கள் வந்து போனார்கள். மூன்று பேரும் முதல் அலகான அளவீட்டிலிருந்தே ஆரம்பித்தார்கள். வேணியர் இடுக்கிமானியைப் பற்றி என்னோடு யாரும் வாதாட முடியாது. மின்காந்தம் வந்தால் மட்டும் எழுந்து வெளியே போய்விடுவேன்.

இஸட் புள்ளி என்றால் என்ன என்று அப்பாயிக்கு விளக்கியது எனக்கு இன்றைக்கும் பெருமை. 2001இலிருந்து பல்கலைக்கழக அனுமதிக்கு இதுதான் தராசு. "அப்பாயி, மலையில எல்லாரும் சராசரியா 18 கிலோ எடுக்கிறாங்க. நீ 20 எடுத்துட்ட. எல்லாரும் 17க்கும் 19க்கும் நடுவுல நின்னா நீ கெட்டிக்காரி. ஒருத்தி 8, ஒருத்தி 30ன்னு எடுத்திருந்தா ஒன் 20க்குப் பெரிய மதிப்பில்ல. மத்தவங்களவிட எவ்வளவு தூரம் மேல நிக்கிறேங்கிறதுதான் இஸட்டு." அப்பாயி வெற்றிலையை மென்று முடிக்கும்வரை யோசித்தார். பிறகு கேட்டார்: "தண்ணிக்கு எத்தன கிலோ கழிச்சாங்க?"

கழித்துத்தான் இருப்பார்கள். முதல் இரண்டு தடவையும் எனக்கு அரைப்பேரு, மலையில் அரைநாள் சம்பளம் விழுகிற மாதிரி. மூன்றாம் தடவை உயிரியலுக்கு பீ, இரசாயனவியலுக்கு சீ, பௌதிகவியலுக்கு எஸ். பல்கலைக்கழக இடங்களைப் பங்கு போடுவது இப்படி: 40 வீதம் அகில இலங்கைத் தகுதி, 55 வீதம் மாவட்டம், மிச்சம் 5 வீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு. பதுளையும் அந்தப் பதினாறில் ஒன்று. ஆனால் பின்தங்கிய மாவட்டத்துக்குள்ளேயும் முன்னுக்கு இருக்கிற டவுன் இருக்கிறது, டவுனில் டியூட்டரி இருக்கிறது. தோட்டத்துப் பிள்ளையும் டியூட்டரிப் பிள்ளையும் ஒரே மாவட்டத்து வெட்டுப்புள்ளியில்தான் நிற்க வேண்டும். நான் விஞ்ஞானப் பீடத்தில் வெட்டுப்பட்டு விழுந்தேன். அதுவே பெரிய காரியம் என்று தோட்டத்தில் மாலை போட்டார்கள்.

ஆக, பட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு இங்கே மருத்துவப் பீடத்தின் கதவைத் தட்ட முடியாது. தெமோதரையில் ரயில் மலையைச் சுற்றி வந்து, தான் நின்ற ஸ்டேஷனுக்குக் கீழேயே சுரங்கத்தில் போகும் இல்லையா, அதுமாதிரி நானும் நாலு வருஷம் சுற்றி வந்து ஏ.எல்.லுக்குக் கீழே போய்க்கொண்டிருந்தேன். ரயிலாவது வெளியே வந்து போகிற இடத்துக்குப் போகிறது.

அந்த நேரம் பார்த்து கனடாவில், ஸ்காபரோவில் இருக்கிற அத்தை மகள் வாட்ஸப்பில் வந்தாள். "ஒனக்கு என்னடி, டிகிரி இருக்கு! இங்க டிகிரி இல்லாட்டி பெரும்பாலும் மெடிசின் பக்கமே போக ஏலாது."

எனக்குத் தலை சுற்றியது. இங்கே எதை வைத்துக்கொண்டு உள்ளே போக முடியாதோ, அங்கே அது இல்லாமல் பெரும்பாலும் உள்ளே போக முடியாதாம். ஏன் அப்படி என்று தேடிப் பார்த்தேன். அமெரிக்காவில் 1893இல் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் மருத்துவப் பாடசாலை திறந்தபோது வந்த வழக்கமாம். திறக்கக் காசு போதாமல் இருந்தபோது மேரி கரெட் என்ற சீமாட்டி மூன்று லட்சம் டொலருக்கு மேல் கொடுத்தாராம். கூடவே நிபந்தனையும் வைத்தார்: பெண்களை ஆண்களுக்குச் சமமாகச் சேர்க்க வேண்டும், சேர்கிறவர்களிடம் பட்டம் இருக்க வேண்டும். அங்கே பேராசிரியராகப் போன வில்லியம் ஒஸ்லரே, நாங்கள் பேராசிரியர்களாக வந்ததால் தப்பித்தோம், மாணவர்களாக வந்திருந்தால் இடம் கிடைத்திருக்காது என்று கூட்டாளியிடம் பகிடி விட்டாராம். எனக்கு அந்தச் சீமாட்டியை மிகவும் பிடித்துப்போயிற்று. அம்மாவுக்கும் அவருக்கும் ஒரே ஒரு வித்தியாசம்தான். அம்மாவிடம் நிபந்தனை மட்டும் இருக்கிறது.

அத்தை மகள் தான் படித்து முடித்த எம்கெட் புத்தகங்களைப் பார்சலில் அனுப்பினாள். ஏழு புத்தகம். தபால்கந்தோரிலிருந்து அப்பா தோளில் சுமந்து வந்தபோது, வழியில் கண்டவர்கள் எல்லாம் "டீவியா?" என்று கேட்டிருக்கிறார்கள்.

எம்கெட் என்பது அங்கே மருத்துவப் பீடத்துக்குப் போகிறவர்கள் எழுதுகிற பரீட்சை. 230 கேள்விகள். ஆகக் குறைந்த புள்ளி 472, ஆகக் கூடியது 528. ஒன்றும் தெரியாமல் போனாலும் 472 தருகிறார்கள் என்று கேட்டு எனக்குக் கண் கலங்கியது. இங்கே இஸட் புள்ளி சைபருக்குக் கீழேயும் போகும். ஆனால் இடைவேளைகளோடு சேர்த்து ஏழரை மணித்தியாலம் உட்கார வேண்டும். "ஏழரையா?" என்று அப்பாயி நிமிர்ந்தார். அன்றைக்கே கோயிலில் சனீஸ்வரனுக்கு எள்ளு விளக்கு. அம்மாவோ, "ஒக்காந்துதானே எழுதப்போற? நாங்க நின்னுக்கிட்டே எட்டு மணித்தியாலம்" என்று முடித்துவிட்டார்.

படித்தேன். உயிரியல் புத்தகம் சுகமாக இருந்தது. பௌதிகவியலில் வேணியரே இல்லை, அது எனக்குப் பெரிய அடி. ஆனால் என்னைக் கவிழ்த்தது விஞ்ஞானமே இல்லாத ஒரு பகுதி. ஒன்பது வாசிப்புப் பந்திகள், 53 கேள்விகள், 90 நிமிஷம். ஓவியம், மெய்யியல், கட்டடக்கலை என்று எதையாவது கொடுத்து, இதை எழுதியவர் மனதில் என்ன நினைத்தார் என்று கேட்கிறார்கள். கனடாவில் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்து மருத்துவப் பீடம் எம்கெட்டில் இந்த ஒரு பகுதியின் புள்ளியை மட்டும்தான் பார்க்குமாம். ஆள் மனதில் நினைப்பதைக் கண்டுபிடிப்பதுதான் வைத்தியம் என்றால், எங்கள் தோட்டத்தில் குறி சொல்கிற அம்மா எப்போதோ பேராசிரியர் ஆகியிருக்க வேண்டும்.

பக்கத்துக் காம்பராவில் நாடகம் ஓட, இந்தப் பக்கம் தம்பி கிரிக்கெட் பார்க்க, நடுவில் நான் பதினெட்டாம் நூற்றாண்டு ஐரோப்பிய ஓவியம் படித்தேன். அப்போதெல்லாம் எனக்கு சாமுவேல் கிறீன் ஞாபகம்தான் வரும். 1847இல் யாழ்ப்பாணத்துக்கு வந்த அமெரிக்க மிஷன் டொக்டர். மானிப்பாயில் பையன்களைச் சேர்த்து வைத்தியம் படிப்பித்தார், பிறகு தமிழிலேயே படிப்பித்தார், பாடநூல்களைத் தமிழில் ஆக்கினார். அதே காலத்தில் எங்கள் பாட்டன் பூட்டன்கள் மன்னார்க் காட்டு வழியே கோப்பித் தோட்டங்களுக்கு நடந்து வந்துகொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவர் கொஞ்சம் வடக்குப் பக்கம் திரும்பியிருந்தால் நானும் இன்றைக்கு ஓவியம் படிக்க வேண்டியிருக்காது.

மூன்று மாதம் படித்த பிறகுதான் அத்தை மகள் ஒரு சின்ன விஷயம் சொன்னாள். கனடாவில் பெரும்பாலான மருத்துவப் பீடங்களுக்கு அந்த நாட்டுக் குடியுரிமையோ நிரந்தர வதிவிடமோ வேண்டுமாம். இதை முதலிலேயே சொல்லியிருந்தால் பார்சல் செலவாவது மிஞ்சியிருக்கும்.

குடியுரிமை என்ற சொல் காதில் விழுந்ததும் அப்பாயி எழுந்து உட்கார்ந்துவிட்டார். எங்கள் வீட்டில் அந்தச் சொல்லைச் சும்மா சொல்லக் கூடாது. 1948இல் சட்டம் போட்டுப் பறித்தது, 1964இல் சிறிமா – சாஸ்திரி என்று இரண்டு நாட்டார் கூடிப் பங்கு போட்டது எல்லாம் அப்பாயியின் தகரப்பெட்டிக்குள் பத்திரமாக இருக்கிறது. அவருடைய தங்கை அந்தப் பங்கில்தான் கப்பல் ஏறிப் போனார். "அப்ப இந்தியாவா இலங்கையான்னு கேட்டாங்க. இப்ப கனடாவா? எந்தப் பேப்பர்லயும் கைநாட்டு வச்சிராத புள்ள" என்றார். நான் எம்கெட்டை விட்டேன்.

மிச்சம் இருந்தது ஏஜென்சி வழி. பதுளை டவுனில் ஒரு மண்டபத்தில் வெளிநாட்டு மருத்துவப் படிப்புக் கருத்தரங்கு. நுழைந்ததும் குளிர்பானமும் ஒரு பேனையும் தந்தார்கள். பனி கொட்டுகிற நாடுகளின் படங்கள் சுவர் நிறைய. கோட் போட்ட தம்பி என்னை "மேடம்" என்றார். நான் பட்டச் சான்றிதழை எடுத்து மேசையில் வைத்தேன். அவர் அதைத் தொடாமலே, "ஏ.எல். ரிசல்ட் இருக்கா மேடம்?" என்றார்.

நாலு வருஷம் இரவு பகலாக நுணுக்குக்காட்டியில் கண்ணை வைத்து வாங்கிய பட்டம். அதன்மேல் குளிர்பானப் போத்தலை வைத்தார்.

அவர் பேரில் குற்றமில்லை. வெளிநாட்டில் படித்து வந்து இங்கே வைத்தியம் பார்க்க இலங்கை மருத்துவ சபையில் பதிய வேண்டும், அதற்கு ஈ.ஆர்.பி.எம். பரீட்சை எழுத வேண்டும், அதற்கெல்லாம் முன்னால் ஏ.எல்.லில் குறைந்தது இரண்டு சீயும் ஒரு எஸ்ஸும் இருக்க வேண்டும். எனக்கு இருந்தது! பத்தொன்பது, இருபது வயதில் அழுதுகொண்டு வாங்கிய அதே பெறுபேறு.

வீட்டுக்கு வந்து சொன்னபோது அப்பாயி மட்டும் சந்தேகப்பட்டார். "ரெண்டு தடவ சீன்னு சொல்லிட்டு எப்பிடி டொக்டராக்குவாங்க?"

அப்பா ஸ்டோரிலிருந்து வந்து, கால் கழுவி, ஏஜென்சி கொடுத்த பேனையை எடுத்தார். ஆறு வருஷத்துக்கு எல்லாமாக 30,000 டொலர் என்று சொல்லியிருந்தார்கள். டொலர் 300 ரூபா என்றால் 90 லட்சம். அப்போது அம்மாவின் நாள் சம்பளம் 1,350 ரூபா. அப்பா கொப்பியின் பின்பக்கத்தில் வகுத்தார். 6,667 நாள் வந்தது. வருஷத்துக்கு 300 பேரு விழுந்தாலும் 22 வருஷத்துக்கு மேல். அம்மா எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "சாப்பாட்டுக்குக் கழிச்சீங்களா?" கழிக்கவில்லை. அப்பா பேனையை மூடி என்னிடம் திருப்பிக் கொடுத்தார். நல்ல பேனை, இன்னும் எழுதுகிறது.

இப்போது சனி ஞாயிறுகளில் கோயில் மண்டபத்தில் நாலு பிள்ளைகளுக்கு உயிரியலும் இரசாயனவியலும் படிப்பிக்கிறேன். நாலு பேருக்கும் வருகிற ஏ.எல். முதல் தடவை. எம்கெட் உயிரியல் புத்தகத்தில் இதயத்தின் படம் அழகாக இருக்கிறது, அதைக் காட்டுகிறேன். ஓவியமும் மெய்யியலும் உள்ள புத்தகம் அப்பாயியின் கட்டில் காலுக்குக் கீழே சமன் பார்த்துக்கொண்டிருக்கிறது. மேல் லயத்து மாமா போன கிழமை பிரஷர் ரிப்போட்டோடு வந்தார். டிஸ்பென்சரிக்குப் போகச் சொன்னேன். "அங்க போயிட்டுத்தான் வாறேன், நீ ஒருக்காப் பாரு" என்றார்.

பௌதிகவியலுக்குத்தான் ஆள் இல்லை. இதை வாசிக்கிறவர்கள் யாராவது நமுனுகுலைப் பக்கம் வந்தால், வீட்டில் கிடக்கிற பழைய பௌதிகவியல் பாஸ்பேப்பர்களைக் கொண்டுவாருங்கள், தமிழ்மொழி மூலம். மின்காந்தம் படிப்பிக்கத் தெரிந்தவர் என்றால் பேப்பர் இல்லாமலே வரலாம், சாப்பாடு எங்கள் வீட்டில். வேணியர் இடுக்கிமானி வேண்டாம். அது நான் பார்த்துக்கொள்கிறேன்.