ஊட்டியில் பார்த்தது பாதி, தின்றது மீதி

மேட்டுப்பாளையத்தில் காலை ஏழு மணிக்கு மேல் கிளம்பும் மலை ரயில், 46 கிலோமீட்டர் ஏறி ஊட்டியைத் தொட நண்பகல் ஆகிவிடும். கல்லாறு தாண்டியதும் தண்டவாளத்தின் நடுவே பல் பல்லாக வெட்டிய இரும்புப் பட்டை வந்துவிடுகிறது. பின்னாலிருந்து தள்ளும் நீராவி எஞ்சின் அதைப் பற்சக்கரத்தால் கவ்விக்கொண்டே ஏறுகிறது. குன்னூர் வரை ரயில் வந்தது 1899-ல், ஊட்டிக்கு 1908-ல். யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது 2005-ல். பெட்டிக்குள் இருக்கும் திருப்பூர்க் குடும்பத்துக்கு இதெல்லாம் பிறகுதான். கல்லாறு வருவதற்குள் அத்தை புளிசாதப் பொட்டலத்தைப் பிரித்தாகிவிட்டது.

வழியில் 16 குகைகள். பதினாறிலும் பிள்ளைகள் தொண்டை கிழியக் கத்துகிறார்கள். அடுத்த குகைக்கு மாமாவும் சேர்ந்துகொள்கிறார்.

ஹில்குரோவ் நிலையத்தில் எஞ்சின் தண்ணீர் பிடிக்க நிற்கும். பயணிகள் இறங்கி டீ குடிப்பார்கள், வடை வாங்குவார்கள். வடையைத் தின்பது குரங்கு. ரயில் வரும் நேரம் நிலைய அதிகாரிக்கு அடுத்தபடியாக அதற்குத்தான் அத்துப்படி.

ஊட்டி தாவரவியல் பூங்கா 1848-ல் மெக்ஐவர் என்ற தோட்டக்கலை வல்லுநர் வகுத்தது. அங்கே இரண்டு கோடி ஆண்டுப் பழமையான கல்மரம் ஒன்று கிடக்கிறது. அதை மரியாதையோடு சுற்றிவந்த மாமா கேட்டது ஒரே கேள்வி: "மதியச் சாப்பாடு எங்கே?" 2,637 மீட்டர் உயரத் தொட்டபெட்டா உச்சியில் மூடுபனி எல்லாக் காட்சியையும் விழுங்கிவிட, பளிச்சென்று தெரிந்தது மிளகாய் பஜ்ஜிக் கடை மட்டும்.

சாப்பாட்டுக்கு ஊட்டியில் குறைவில்லை. ஆந்திரா மீல்ஸ், பஞ்சாபி தாலி, செட்டிநாட்டுக் கோழி, கோவையில் விட்டுவந்த அதே தோசை. மலையின் சொந்தச் சமையல்தான் போர்டில் அரிதாகத் தட்டுப்படுகிறது. படுகர் வீடுகளில் ராகிக் களியும் அவரைக் குழம்பும் உண்டு. விசேஷ நாளில் எண்ணெயில் பொரித்த துப்பதிட்டு. அதற்கு ஓட்டல் தேடிப் பயனில்லை, சம்பந்தி தேட வேண்டும். மாமாவுக்கு இருப்பதோ ஆறாவது படிக்கும் பையன்.

எனவே எல்லோரையும் போல வர்க்கிதான். விறகடுப்பில் வேகும் இந்த அடுக்கு மொறுமொறுப்புக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. டீயில் முக்கினால் வாய்க்குப் போகும். முக்காமல் கடித்தால் பாதி சட்டைக்குப் போகும். அத்தை இரண்டு கிலோ வாங்கி மடியில் வைத்துக் காத்தார். பஸ் இறங்க இறங்க, ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் மாமா அந்தப் பையின் மீதே சாய்ந்தார்.

திருப்பூரில் பக்கத்து வீட்டுக்கு ஊட்டி வர்க்கி போய்ச் சேர்ந்தது, ஒரு கிண்ணத்தில், கரண்டியோடு.