டீக்கடைத் தேர்வுக் குழு

2018 ஐ.எஸ்.எல். இறுதிப் போட்டி பெங்களூரு கண்டீரவாவில். அதுவும் பெங்களூரு அணியோடு. சென்னையின் எஃப்.சி.க்கு ஆள் பொறுக்கும் சிரமத்தைக் காசிமேட்டு டீக்கடை மனமுவந்து ஏற்றது. பயிற்சியாளர் ஜான் கிரகரி தனியாக எவ்வளவுதான் யோசிப்பார், பாவம்!

வியாசர்பாடி தனபால் கணேஷுக்கு விவாதமே இல்லை, நம்ம ஏரியாப் பையன். மற்ற பத்துப் பேரை முடிவுசெய்ய மூன்று ரவுண்டு டீ. காலி கிளாஸ்கள் ஃபார்மேஷனில் நின்றன. பட்டர் பிஸ்கட் கோல்கீப்பர். "டிஃபென்ஸ்காரன் எவனாவது கோட்டைத் தாண்டினா கால ஒடச்சிரணும்பா" என்று ஏகமனதாகத் தீர்மானம். யாரோ கோல்கீப்பரைத் தின்றுவிட்டதால் கூட்டம் ஒத்திவைக்கப்பட்டது.

மார்ச் 17. 3-2 என வெற்றி. அதில் இரண்டு கோலைத் தலையால் முட்டிப் போட்டவர் டிஃபென்டர் மெயில்சன் ஆல்வெஸ்.

ஞாயிறு காலை கடையில் ஒரே முழக்கம்: "நம்ம சொன்னத அப்டியே செஞ்சான் பாரு கிரகரி!"