வார்ப்பிரும்பின் சாட்சியம்

கேள்வி: 1951-ஆம் வருஷத்து ஷெவ்ரலே அரை டன் லாரியிலுள்ள நாலு கியர்ப் பெட்டி ஆலையிலேயே வைத்ததா, பிறகு யாரேனும் மாற்றியதா என்று அறிவது எப்படி?

பதில்: பெயர்த்தகட்டைப் புதிதாக அடித்துவிடலாம், வர்ணத்தையும் புதிதாகப் பூசிவிடலாம், ஆனால் வார்ப்பிரும்பு அத்தனை எளிதில் பொய்ச்சாட்சி சொல்லாதாகையால், விசாரணையை அங்கே ஆரம்பிப்பதே உசிதம். பெட்டியில் படிந்த கிரீஸையும் மண்ணையும் மண்ணெண்ணெய் தொட்டுத் தேய்த்தால், ஓர் எழுத்தும் சில இலக்கங்களும் புடைத்துத் தெரியும்: எழுத்து மாதம் (‘ஏ’ என்றால் ஜனவரி), அடுத்தது தேதி, கடைசி இலக்கம் வருஷம். லாரி பிறந்த பிறகு வார்க்கப்பட்ட பெட்டி அதன் உடன்பிறப்பாக இருக்க நியாயமில்லை. ஆயினும் வருஷத்திற்கு ஓரிலக்கமே உண்டாதலாலும், எஸ்.எம். 420 என்ற அந்த அசல் பெட்டி 1967 வரை நீடித்ததாலும், ‘1’ என்பது 1961-ஆகவும் இருக்கக்கூடும். ஆகவே ஸ்டியரிங் தண்டின் அடியைக் குனிந்து பாருங்கள். மூன்று கியருடன் பிறந்த வண்டியில் கியர்க்கோலின் இணைப்பு அங்கேதான் இருக்கும். அதைக் கழற்றிய தடமும், தரைத்தகட்டில் கோணலாக வெட்டிய துளையும் தென்பட்டால் மாற்றம் நிச்சயம். இன்னொரு பரீக்ஷை: எஸ்.எம். 420-இன் முதல் கியரில் எஞ்சின் பக்கத்துத் தண்டு ஏழு முறைக்குச் சற்றே அதிகமாகச் சுழன்றால்தான் பின்தண்டு ஒரு முறை சுழலும். 1968-இல் அதன் ஸ்தானத்திற்கு வந்த எஸ்.எம். 465-க்கு ஆறரையே போதும். அக்காலத்து அரை டன் வண்டியில் பின்தண்டு குழாய்க்குள் மூடியிருக்கும். அது திறந்து கிடந்தால் பின் அச்சையும் சேர்த்தே சந்தேகியுங்கள்.